நந்தி கல்யாணத்துக்கு முதுகு காட்டியவர்கள்

கண்ணையனுக்கு வேலையே நடப்பதுதான். அரியலூர் தாலுகா ஆபீசில் சர்வேயருக்குச் செயின்மேன். திங்கட்கிழமை காலையில் அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டால், சனிக்கிழமை சாயங்காலம் வரை வரப்பு, வாய்க்கால், முந்திரிக்காடு, முள்ளுக்காடு என்று இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்படி ஆறு நாள் நடந்தவன் ஏழாம் நாள் என்ன செய்வான்? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குவான் என்றுதானே நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான்.

"சம்பளம் வாங்கிக்கிட்டு ஆறு நாளு சுத்துற, சம்பளம் இல்லாம ஒரு நாளு சுத்துற. ஒன்னைய எந்த நேரத்துல பெத்தேனோ!" என்று அவன் அம்மா பொன்னம்மாள் வாசலில் நின்று கத்துவது, அவன் தெருமுனை திரும்பும் வரை கேட்கும். அதற்கப்புறமும் கத்துவாளாம். அவனுக்குத்தான் கேட்காது.

கூட்டாளிகள் மூன்று பேர். டெய்லர் ராசாங்கத்துக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. மாவு மில் குழந்தைவேலுக்குத் தலையிலும் புருவத்திலும் எப்போதும் மாவு. மூன்றாமவன் டவுன் பஸ் கண்டக்டர் வீரமுத்து. தணிந்து பேசத் தெரியாத ஜென்மம். "மெதுவாப் பேசுடா" என்றால் "சரி" என்பதையே நாலு ஸ்டாப்பிங் தள்ளிக் கேட்கிற மாதிரிதான் சொல்வான். நாலு பேரும் ஒரே வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, ஒரே வருஷம் கோட்டை விட்டவர்கள். எழுபத்திரண்டில் ஆளுக்கொரு பிழைப்பு அமைந்ததும் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. வீரமுத்து மட்டும் வாராவாரம் தன் டூட்டியை எவன் தலையிலாவது கட்டிவிட்டு வருவான்.

அவர்கள் போகாத இடம் இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனார்கள்; அங்கே ஒரு பள்ளத்துக்குள் இறங்கிய வீரமுத்து ஏறத் தெரியாமல் இரண்டு மணி நேரம் கூச்சல் போட்டு, ஆடு மேய்க்கிற பொம்பளைகள் வந்து சேலையை விட்டுத் தூக்கினார்கள். சாத்தனூர் கல்மரத்துக்குப் போனார்கள். கண்ணையன் அதன் ஓரமாகவே நடந்து, "அறுவது அடி. அர அடி கூடக் கொறைய இருக்கும்" என்றான். எதைக் கண்டாலும் தப்படி போட்டு அளப்பது அவன் வியாதி. குழந்தைவேலோ அந்த மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, "மரம் கல்லாயிடுச்சுங்கிறீங்க. என்னைக்காவது திரும்ப மரமாச்சுன்னா இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டான். பச்சைமலை மயிலூத்தில் நாலு பேரும் குளித்துக்கொண்டிருந்தபோது குரங்குகள் வேட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மலையடிவாரத்து லாடபுரம் வரை எப்படி வந்தார்கள் என்பதை இன்றுவரை ஒருவரும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கே போனாலும் கட்டுச்சோறு ராசாங்கம் வீட்டிலிருந்துதான். தாய் தகப்பன் போய், அண்ணனும் தங்கச்சியுமாக இருந்த வீடு அது. தங்கச்சி பெயர் பாப்பாத்தி. கோழி கூப்பிட எழுந்து புளிச்சோறு கிளறி, வாழை இலையை வாட்டி, நாலு பொட்டலம் கட்டித் தூக்குவாளியில் வைத்து நிலைப்படியில் வைத்துவிடுவாள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்து, "வீரமுத்து அண்ணே, கவுத்துடாமக் கொண்டு போங்க" என்பாள். "கொழந்தவேலு அண்ணே, தொவையலு அடியில இருக்கு" என்பாள். கண்ணையனிடம் பேச்சு கிடையாது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆளைவிடச் சோறு முக்கியம் அவனுக்கு.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் சேராது. பங்குனியில் திருமழபாடி சிவன் கோயிலில் நந்தி கல்யாணம். அது எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றைக்கு நாலு பேருக்கும் காய்ச்சல் வந்துவிடும். ஆபீசர்களும் முதலாளியும் ராசாங்கத்தின் வாடிக்கைக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாதது இவர்கள் அதிர்ஷ்டம். விடிகாலையில் சைக்கிளில் கிளம்பி, கீழப்பழுவூரில் டீ குடித்து, உச்சி வெயிலுக்கு முன் கொள்ளிடக் கரையில் போய் இறங்குவார்கள். மணலில் எங்கேயாவது ஓடுகிற வாய்க்கால் தண்ணீரில் உடம்பு ஊறும் வரை கிடப்பார்கள். அப்புறம் கட்டுச்சோறு. அப்புறம் கடைத்தெரு, வளையல் கடை, பொரிகடலை, ரங்கராட்டினம். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை நந்தி பல்லக்கில் ஆற்றைத் தாண்டி வரும்போது மேளத்துக்கு முன்னால் இவர்கள்தான் ஆடிக்கொண்டு போவார்கள்.

ஆனால் தாலி கட்டுகிற நேரம் வந்ததோ இல்லையோ, நாலு பேரும் கோயிலை விட்டு வெளியே வந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுவிடுவார்கள். கெட்டிமேளம் ஓயும் வரை திரும்பக் கூடாது.

கேட்டால் சிரிப்பீர்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கல்யாணம் கூடிவராத பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும், முண்டியடித்துப் பார்க்கும். அத்தனை ஜனமும் எதற்கு முண்டியடிக்கிறதோ, அதற்குப் பயந்து இந்த நாலு தடியன்களும் முதுகு காட்டி நின்றார்கள். கல்யாணம் ஆனவனுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்குத்தான் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், மளிகை வாங்க வேண்டும், ஓட்டை ஒடிசல் பார்க்க வேண்டும். அதனால் ஒருத்தனும் திரும்பக் கூடாது என்று சட்டம் போட்டவன் கண்ணையன்.

எழுபத்தேழில் குழந்தைவேல் திரும்பினான். காதில் எறும்பு போய்விட்டது என்றான். எறும்பையும் காணோம், ஒன்றையும் காணோம். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். எண்பதில் ஒரு கிழவி காலை மிதித்ததில் வீரமுத்து "யார்ரா அது!" என்று கத்திக்கொண்டே திரும்ப, கூட்டம் விலகிய ஒரு நொடியில், கோயில் வாசல் வழியே நேர் எதிரே தாலி கட்டுவது தெரிந்துவிட்டது. "போச்சுரா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தை மாசம் அவன் கல்யாணத்தில் அவன் போட்ட சத்தத்தில் நாயனக்காரருக்குக் கோபம் வந்தது. நம்பிக்கை கெட்டிப்பட்டுப் போயிற்று. மிச்சம் இரண்டு முதுகுதான், கண்ணையனும் ராசாங்கமும்.

இதற்கு நடுவில் பாப்பாத்திக்கு இருபத்தேழு வயது ஆகியிருந்தது. எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் அது சின்ன வயசில்லை. பெண் பார்க்க ஆட்கள் வராமல் இல்லை, வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேறு எப்போது வருவார்கள்? வந்து பார்த்தால், பேசி முடிக்க வேண்டிய அண்ணன்காரன் பச்சைமலையில் இருப்பான், இல்லை கரைவெட்டி ஏரிக்கரையில் படுத்துக்கொண்டு பறவை எண்ணிக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் காப்பி கொடுத்து அனுப்பிவைப்பார்கள். "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. வூட்டுல ஆம்பளன்னு ஒருத்தன் இருக்கானா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. இப்படி ஐந்து கூட்டம். ராசாங்கம் கெட்டவன் இல்லை. தங்கச்சி மேல் உயிர். ஆனால் சனிக்கிழமை ராத்திரி வந்து கண்ணையன் "நாளைக்கி எங்க?" என்று கேட்டுவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு வியாதி.

கண்ணையனுக்கு விஷயம் உறைத்தது எண்பத்திரண்டு மார்கழியில். அபூர்வமாகப் பழைய நாலு பேரும் சேர்ந்து கரைவெட்டிக்குப் போயிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் வீரமுத்து எட்டிப் பார்த்தான்.

"டேய், எங்களுக்கெல்லாம் மாங்கா ஊறுகா. ஒனக்கு மட்டும் என்னடா நார்த்தங்கா?"

"எனக்கு எப்பயும் நார்த்தங்காதான்" என்றான் கண்ணையன், வாயில் சோற்றோடு.

"அதான் ஏன்னு கேக்குறேன்."

ஏரியில் இருந்த பறவையெல்லாம் எழும்புகிற மாதிரிதான் கேட்டான். ராசாங்கம் கை கழுவப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணையன் மெல்வதை நிறுத்தினான். எப்போதோ ஒரு காலத்தில், எழுபத்துமூன்றோ நாலோ, அந்த நிலைப்படியில் நின்று "எனக்கு மாங்கா ஊறுகா ஆவாது, பல்லு கூசுது" என்று ராசாங்கத்திடம் சொன்னது நினைவு வந்தது. உள்ளே இருந்தவள் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து வாராவாரம் அவன் பொட்டலத்துக்கு மட்டும் தனி நார்த்தங்காய் வந்திருக்கிறது. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. வீரமுத்து அண்ணன், குழந்தைவேல் அண்ணன். தன்னை மட்டும் அவள் ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் இறங்கவில்லை.

ஆனால் எந்த முகத்தோடு போய்ப் பெண் கேட்பது? கல்யாணமே கூடாது என்று சட்டம் போட்ட ஆள். ஐந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வெறும் காப்பியோடு அனுப்பிவைத்த ஊர்சுற்றி. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியும் வந்து, நந்தி கல்யாணமும் வந்தது. அந்த வருஷம் அது புதன்கிழமை. இரண்டே சைக்கிள்.

கீழப்பழுவூர் தாண்டியதும் ராசாங்கம் சொன்னான்: "மாப்ள, வர்ற ஞாயித்துக்கெழம நான் வரலடா. பாப்பாத்தியப் பாக்க லால்குடியிலேருந்து வராங்க. ரயில்வேல கேட்கீப்பராம். இந்தத் தடவ நான் வூட்டுல இல்லன்னா வெஷத்தக் குடிச்சிடுவேன்னு சொல்லிட்டா."

கண்ணையன் திருமழபாடி வரை வெறி பிடித்த மாதிரி சைக்கிளை மிதித்தான். ஆற்றில் இறங்கவில்லை, பல்லக்கின் முன்னால் ஆடவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது. அதற்குள் கேட்காவிட்டால் அவள் லால்குடிக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். பொழுது சாய்ந்து, தாலி கட்டுகிற நேரமும் நெருங்கியது. இருவரும் வழக்கப்படி வெளியே வந்து ஆற்றைப் பார்த்து நின்றார்கள். கண்ணையனால் நிற்க முடியவில்லை.

"மாப்ள, செருப்ப உள்ள உட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடுறேன்" என்றான். செருப்பு காலில்தான் இருந்தது.

உள்ளே மூச்சு விட இடமில்லை. கண்ணையன் குட்டை. எம்பிப் பார்த்தான், முன்னால் நின்றவர் முண்டாசுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன் அடிப்பீடத்தில் ஏறினான். "ஏய்யா, எறங்குய்யா, எம்பொண்ணு பாக்கட்டும்!" என்று ஒரு அம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, பதினோரு வருஷம் முதுகு காட்டிய கல்யாணத்தை அவன் கண் கொட்டாமல் பார்த்தான். முழுசாகப் பார்த்தான். "சாமி, லால்குடிக்காரனுக்கு வேற எடத்துல அமையட்டும்" என்று வேண்டிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துடைத்துக்கொண்டு இறங்கப் போனவன் எதிர்ப்பக்கத் தூணைப் பார்த்தான். அங்கே இன்னொருத்தன் இதேபோலத் தொற்றிக்கொண்டு, கைகூப்ப முடியாமல் ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். ராசாங்கம்.

இருவரும் வெளியே வந்து ஆற்று மணலில் இறங்கினார்கள். முதலில் ராசாங்கம்தான் வாயைத் திறந்தான்.

"எனக்காகப் பாக்கலடா. பாப்பாத்திக்காகப் பாத்தேன். அவளுக்கு ஒரு நல்லது நடக்காம எனக்கென்ன... நீ யாருக்காகப் பாத்த?"

"பாப்பாத்திக்காகத்தான்" என்றான் கண்ணையன்.

ராசாங்கத்துக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணையன் முதுகில் ரெண்டு வைத்தான்.

"ஏன்டா, பதினோரு வருசமா அவ கையால தின்னுட்டு, லால்குடிக்காரன் வரான்னதுந்தான் ஒனக்கு ருசி தெரிஞ்சுதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அவ என்னைய ஒரு நாளும் அண்ணேன்னு கூப்புடல, மாப்ள."

ராசாங்கம் துண்டை ஓங்கியபடியே யோசித்தான். பதினோரு வருஷத்தையும் மனசுக்குள் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தான் போலிருக்கிறது. "ஆமால்ல?" என்றான். கை இறங்கியது. மணலில் உட்கார்ந்துகொண்டான்.

"எனக்குச் சம்மதந்தான்டா. ஒன்னைய விட்டா எனக்கு யாரு? ஆனா அவ ஒத்துக்க மாட்டா. வந்தவங்க எல்லாம் திரும்பிப் போனதுக்கு என்னையத் திட்டுறத விட ஒன்னையத்தான் திட்டுறா. என்னால அவகிட்டப் பேச முடியாது. நீயே போயிக் கேளு."

முறைப்படி என்றால் பொன்னம்மாள்தான் நாலு பேரோடு தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தட்டோடு திரும்பி வருவது அம்மாவுக்கு அவமானம். அதனால் மறுநாள் காலையில் கண்ணையன் தனியாகத்தான் போனான். ராசாங்கம் வேண்டுமென்றே ஏழு மணிக்கே கடையைத் திறக்கப் போயிருந்தான்.

பாப்பாத்தி முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியிலிருந்து அவள் உட்கார்ந்திருந்த இடம் ஆறு தப்படி. பச்சைமலை ஏறின கால் ஒரு தப்படி எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

"இன்னிக்கி வியாழக்கெழம" என்றாள் அவள், நிமிராமல்.

"தெரியும்."

"சோறு கட்டல."

"சோத்துக்கு வரல."

முறம் நின்றது. அவன் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தது அத்தனையும் மறந்து போயிற்று. "லால்குடிக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றான் கண்ணையன்.

"ஏன்? அன்னிக்கிம் எங்க அண்ணன எங்கயாவது ஓட்டிக்கிட்டுப் போவப் போறீங்களா?"

"இல்லங்க. நான்... நானே ஒங்களக் கட்டிக்கிறேன். ஒங்களுக்குப் பிரியம்னா."

பாப்பாத்தி முறத்தைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. முகம் சிவந்தது கோபத்தில்தான்.

"அஞ்சு தடவ சீவி முடிச்சு, பூ வச்சு, தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னேன். அஞ்சு தடவையும் எங்க அண்ணன் எங்கன்னு கேட்டாங்க. எங்கன்னு சொல்லுவேன்? கரைவெட்டியில கொக்கு எண்ணப் போயிருக்குன்னா சொல்லுவேன்? அழுதுகிட்டே பூவப் புடுங்கிப் போட்டேன். மறுவாரம் அதே கையாலதான் ஒங்களுக்குச் சோறும் கட்டினேன். எனக்கே என்மேல கோவம்."

"தப்புதாங்க" என்றான் கண்ணையன். தலை நிமிரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. எல்லாம் போயிற்று என்றே நினைத்தான்.

அவள் மடியில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள். அப்புறம் குரல் தணிந்து கேட்டாள்: "கட்டிக்கிட்டா என்னைய எங்க கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

கண்ணையனுக்கு உயிர் வந்தது. "எங்க வேணும்னாலுங்க! ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு. மயிலூத்து அருவி. கங்கைகொண்ட சோழபுரத்துல சிங்கக் கெணறு, அதுக்குள்ள எறங்கிப் போவலாம். வாலிகண்டபுரம். கொள்ளிடத்துல ஆடி மாசம் தண்ணி வந்தா..."

"அங்கெல்லாம் நான் கட்டின சோறு போயிட்டு வந்துடுச்சு" என்றாள் பாப்பாத்தி. "பதினோரு வருசமா என் சோறு ஊரெல்லாம் பாத்துச்சு. நான் இந்த நெலப்படியத் தாண்டல. அது பாக்காத எடமா ஒண்ணு சொல்லுங்க."

கண்ணையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டு தாலுகாவில் எந்த எல்லைக்கல் எங்கே சாய்ந்து கிடக்கிறது என்று தெரிந்தவனுக்கு ஓர் இடமும் அகப்படவில்லை. வடக்கே யோசித்தான், தெற்கே யோசித்தான். எல்லாத் திசையிலும் அந்தப் புளிச்சோறு போய் வந்திருந்தது.

"கடலு" என்றான் கடைசியில். "தரங்கம்பாடி போனா கடலு பாக்கலாம்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்கன்னா? நீங்க பாத்துருக்கீங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். முப்பத்தஞ்சு வயசில், அரியலூரிலேயே பெரிய ஊர்சுற்றி என்று பெயர் வாங்கிவிட்டு, கடலைப் பார்த்ததில்லை என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"இல்லங்க. நானும் பாத்ததில்ல."

பாப்பாத்தி முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்துதான் இருந்தாள், ஆனால் சிரிக்கிறாள் என்பது அவள் தோளிலேயே தெரிந்தது.

"அப்ப சரி" என்றாள். "எங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். லால்குடிக்கும் வர வேணாம்னு ஒரு கார்டு எழுதிப் போடச் சொல்றேன். நீங்க போயி, தரங்கம்பாடிக்கு எத்தன மணிக்கு பஸ்சுன்னு வீரமுத்து அண்ணன்கிட்டக் கேட்டுட்டு வாங்க."